செயற்கை நகத்தால் கெட்டுப்போன விரல்நகங்களை மீட்பது எப்படி: ஒரு வழிகாட்டி

ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்ற ஜெல் பாலிஷை விரலால் நெம்பிப் பிய்த்தெடுத்ததில்தான் என் சிக்கல் தொடங்கியது. பாலிஷோடு சேர்ந்து நகத்தின் மேல்படலமும் ஏடு ஏடாக உரிந்து வந்துவிட்டது. மெலிந்து, வெள்ளைத் திட்டுகளோடு கிடந்த நகங்களை மறைப்பதற்காக அவற்றின்மேலேயே அக்ரிலிக் நகங்களை வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் இரண்டு நகங்கள் படுகையை, அதாவது நகம் ஒட்டியிருக்கும் அடித்தோலை, விட்டுக் கழன்றன. அவற்றில் ஒன்று பச்சை நிறமாக மாறியது. அது நகச்சொத்தை என்று நானே முடிவுகட்டி, கடையில் கிடைத்த பூஞ்சைக் களிம்பை மூன்று மாதம் விடாமல் தடவினேன். கடைசியில் தோல் மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்தபோது பூஞ்சை எதுவுமே இல்லை என்று தெரிந்தது. அந்த மூன்று மாதமும் வீண். அதே நிலையில் இருக்கும் ஒருவர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் கண்ணால் காணும் நகத்தட்டு கெரட்டின் என்ற புரதத்தின் உயிரற்ற அடுக்குகளால் ஆனது. தோலில் பட்ட காயம்போல அது ஆறுவதில்லை. கெட்ட பகுதி மெல்ல முன்னே நகர்ந்து, வெட்டி எறியப்படும் நாள்வரை அப்படியேதான் இருக்கும். புது நகம் உருவாகும் இடம் வெண்பிறைக்கும் அதற்குப் பின்னாலுள்ள தோல் மடிப்புக்கும் அடியில் இருக்கிறது. விரல்நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால், ஒரு நகம் முழுதாக மாற சுமார் ஆறு மாதம் ஆகும். கால்நகத்துக்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை பிடிக்கும். ஆகவே பழைய நகத்தைப் ‘பழுதுபார்ப்பது’ நம் வேலை அல்ல; புது நகம் கெடாமல் வெளியே வருவதற்கு வழிவிடுவதுதான் வேலை.

1. எதையும் தூக்கி எறிவதற்கு முன் பதிவுசெய்து வையுங்கள்

பெரும்பாலோர் செய்யாமல் விட்டுப் பின்னால் வருந்துவது இதற்குத்தான். நகத்தில் என்ன பொருள் இருந்தது என்று மருத்துவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. புட்டிகளை அதற்குள் குப்பையில் போட்டிருந்தேன்.

நீங்களே வீட்டில் வைத்துக்கொண்டவர் என்றால், ஜெல், அக்ரிலிக் திரவம், தூள், பசை, அடிப்பூச்சு, மேற்பூச்சு ஆகிய ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். சேர்மானப் பட்டியலும் தொகுதி எண்ணும் படிக்கும்படி தெரிய வேண்டும். அழகு நிலையத்தில் வைத்துக்கொண்டிருந்தால், பயன்படுத்திய பொருள்களின் பெயர்களையும் தேதியையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் பத்து விரல்களையும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படமெடுத்து வந்தால், வளர்ச்சி நடக்கிறதா என்பதை நினைவை நம்பாமல் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வகை நகம் என்று தெரிந்திருப்பதும் தேவை. அக்ரிலிக் என்பது திரவமும் தூளும் கலந்து இறுகும் மெத்தக்ரிலேட். ஜெல் என்பது புற ஊதா விளக்கின்கீழ் இறுகும் அக்ரிலேட் அல்லது மெத்தக்ரிலேட் கலவை. ஒட்டும் நகங்களுக்கான பசையும் தூளில் தோய்க்கும் முறையில் பூசும் திரவமும் பெரும்பாலும் சயனோஅக்ரிலேட். அகற்றும் முறையும் அலர்ஜிக்கான பரிசோதனையும் இதைப் பொறுத்தே மாறும்.

2. ஊறவைத்து அகற்றுங்கள், நெம்பாதீர்கள்

நகத்துக்கு நேரும் சேதத்தில் பெரும்பங்கு அணிந்திருக்கும்போது நேர்வதில்லை. வைப்பதற்கு முன் அரத்தால் தேய்க்கும்போதும், பிறகு அகற்றும்போதும்தான் நேர்கிறது. நகத்தட்டின் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். சுழலும் மின் அரத்தை ஒரே இடத்தில் சற்று அழுத்திவிட்டால், சிவந்த வளைகோடுபோல ஒரு பள்ளம் விழும். அந்தக் கோடு நகத்தோடு நகர்ந்து வெளியேற மாதங்கள் ஆகும்.

ஜெல் பாலிஷுக்கு: மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் மென்மையான அரத்தால் தேய்த்து நீக்குங்கள். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவுங்கள். அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை நகத்தின்மேல் மட்டும் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் பொறுத்திருங்கள். பூச்சு தானாகப் பிரிந்து எழும்பினால் மரக்குச்சியால் மெல்லத் தள்ளலாம். எழும்பாவிட்டால் இன்னும் சில நிமிடம் ஊறவிடுங்கள், சுரண்டாதீர்கள். கிண்ணம் நிறைய அசிட்டோன் ஊற்றி விரல்களை அதில் முக்கி வைப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் விரல்நுனித் தோல் முழுவதும் வறண்டு வெடிக்கும் என்பதால் அதைத் தவிருங்கள்.

அக்ரிலிக்குக்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும். நீளத்தை முதலில் வெட்டிக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். அசிட்டோனில் கரையாத கடின ஜெல் என்றால் அரத்தால் தேய்த்துத்தான் எடுக்க முடியும். அதை நீங்களே செய்ய முயலாமல், பழகிய கையிடம் விட்டு, இயற்கை நகத்தின்மேல் மெல்லிய ஒரு அடுக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த அடுக்கு வளர்ந்து போகட்டும். பசையால் ஒட்டிய நகம் என்றால், முதலில் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் மட்டும் அசிட்டோனுக்குப் போங்கள்.

மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது, சன்னலும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, சில நக நீக்கிகளில் அசிட்டோனைப்போலவே பெயர் ஒலிக்கும் அசிட்டோநைட்ரைல் இருக்கக் கூடும். அது உடலுக்குள் போனால் சயனைடாக மாறும் நஞ்சு. சிறு குழந்தைகள் அதைக் குடித்து இறந்ததும் உண்டு. சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் எந்த நீக்கியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மூன்றாவது, சயனோஅக்ரிலேட் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கொட்டினால் கடும் வெப்பத்தை உண்டாக்கித் துணிக்கு அடியிலுள்ள தோலைச் சுட்டுவிடும். பசை சிந்தினால் பருத்தித் துணியால் துடைக்கக் கூடாது. அந்தப் பசைப் புட்டியைக் கண் சொட்டு மருந்துப் புட்டியின் அருகில் வைக்கவே வைக்காதீர்கள்.

3. எந்த வகைச் சேதம் என்று பாருங்கள்

அகற்றிய பிறகு கையைக் கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பாருங்கள்.

மேற்பரப்பில் மட்டும் சொரசொரப்பான வெள்ளைத் திட்டுகள், ஏடாக உரிதல், வளைத்தால் வளையும் மெலிவு என்றால் அது இயந்திரச் சேதம். மருத்துவர் தேவைப்படாமலேயே வளர்ந்து போய்விடும். (வெள்ளைத் திட்டு கால்சியம் குறைவின் அடையாளம் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள், அது உண்மையல்ல.)

நுனியிலிருந்து உள்நோக்கி நகம் வெளுத்து, அடியில் வெற்றிடம் தெரிந்தால், நகம் படுகையை விட்டுக் கழன்றிருக்கிறது. நீளமான செயற்கை நகம் நெம்புகோலைப்போலச் செயல்பட்டு இயற்கை நகத்தைத் தூக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். பசைக்கு உண்டான அலர்ஜி இன்னொரு காரணம். ஒருமுறை கழன்ற பகுதி மறுபடி ஒட்டிக்கொள்ளாது. அதன் பின்னால் வளரும் புது நகம்தான் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். நீண்ட காலம் அப்படியே விட்டால் படுகையின் தோலே தடித்து, நகம் ஒட்டும் தன்மையை இழந்துவிடக் கூடும். ஆகவே ‘தானாகச் சரியாகும்’ என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பச்சை அல்லது கரும்பச்சை நிறம் தெரிந்தால், கழன்ற நகத்தடியில் தங்கிய ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பச்சை அது உண்டாக்கும் நிறமி. பூஞ்சை மருந்துக்கு அது அசையாது. நான் மூன்று மாதத்தை இழந்தது இங்கேதான்.

நகத்தைச் சுற்றிய தோல் சிவந்து வீங்கி விண்ணென்று தெறித்தால் அது நகச்சுற்று. விரல்நுனி முழுவதும் அரித்து, உலர்ந்து, வெடித்து, கூடவே கண்ணிமையோ கழுத்தோ காரணமில்லாமல் அரித்தால், அலர்ஜியை நினையுங்கள். நகத்தில் இருக்கும் பொருள் கைபடும் இடமெல்லாம் போகும் என்பதால், முகத்தில்தான் முதலில் தெரிவதும் உண்டு.

4. மருத்துவரிடம் எப்போது போவது, எதைக் கேட்பது

சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், தாங்க முடியாத வலி இவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் சிறிய நகச்சுற்றுக்கே போய்விடுவது நல்லது. ஒரே ஒரு நகத்தில் கருப்பு அல்லது பழுப்பு நிறக் கோடு நீளவாக்கில் தெரிந்து, அது அகலமாகிக்கொண்டே போனால், அல்லது அந்த நிறம் நகத்தை ஒட்டிய தோலுக்கும் பரவினால், அதைச் செயற்கை நகத்தின் வினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரிதாக அது தோல் புற்றாக இருக்கக் கூடும் என்பதால் தோல் மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும். பாலிஷ் மறைத்துவிடும் அடையாளங்களில் மிக ஆபத்தானது இதுதான். ஆகவே மருத்துவரிடம் போகும் நாளில் பத்து நகங்களும் வெறுமையாக இருக்கட்டும்.

இவை எதுவும் இல்லாமல் நகம் கழன்றோ நிறம் மாறியோ இருந்தால், ஓரிரு வாரத்துக்குள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எடுத்துப் போக வேண்டியவை: பொருள்களின் படங்கள், தேதிவாரியான நகப் படங்கள், இதுவரை தடவிய களிம்புகளின் பெயர்கள், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல். குடும்பத்தில் யாருக்காவது சொரியாசிஸ் உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். நகத்துக்கு ஏற்படும் காயம் அதைத் தூண்டிவிடக் கூடும்.

பூஞ்சை என்று சந்தேகம் எழுந்தால், மருந்து எழுதுவதற்கு முன் நகத் துணுக்கைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவுக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் முடிவு தவறாக வரக் கூடும். மாதிரி எடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பூஞ்சைக்கான மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்க வேண்டியிருக்கும், அவை கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை. இல்லாத நோய்க்கு அவற்றை விழுங்குவதில் பொருளே இல்லை.

பச்சை நகத்துக்குப் பொதுவாகச் செய்வது, கழன்ற பகுதியை ஒட்ட வெட்டிவிட்டு இடத்தை உலர்வாக வைப்பது. நீர்த்த வினிகரில் ஊறவைக்கவோ பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்து இடவோ மருத்துவர் சொல்லலாம்; அளவையும் நாட்களையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. அலர்ஜி என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத் தாவிவிட வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அக்ரிலேட் அலர்ஜி ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதே குடும்பத்துப் பொருள்கள் பல் அடைக்கும் பசையிலும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கான எலும்புச் சிமெண்டிலும், உடலில் ஒட்டும் சர்க்கரை அளவுமானிகளின் பசையிலும் உண்டு. நகத்துக்காக ஏற்பட்ட ஒவ்வாமை, பத்து வருடம் கழித்து வேறொரு சிகிச்சையில் குறுக்கே வந்து நிற்கலாம்.

இதை உறுதிசெய்யும் சோதனை பேட்ச் டெஸ்ட். சிறு அளவில் பல பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். 72 முதல் 96 மணி நேரத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள். சிலருக்கு ஏழாம் நாள்வரை தாமதித்து வினை தெரிவதும் உண்டு. ஆக, ஒரே வாரத்தில் குறைந்தது மூன்று முறை போக வேண்டியிருக்கும். அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது. பயணமோ விசேஷமோ இல்லாத வாரமாகப் பார்த்துக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனைப் பட்டியலில் ஹைட்ராக்சி எத்தில் மெத்தக்ரிலேட், அதாவது ஹெமா, இருக்கிறதா என்று கேட்பது மிக முக்கியம். நகப் பொருள்களால் வரும் அலர்ஜியில் அடிக்கடி பிடிபடுவது அதுதான். பொதுவான பட்டியலில் அது எல்லா இடத்திலும் இருக்காது.

முடிவு வந்ததும் அலர்ஜிப் பொருளின் முழுப் பெயரோடு ஒரு கடிதம் வாங்கி, ஒரு நகலைப் பல் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே இறுகாத ஜெல்லைக் கையில் தடவி ‘சோதித்துப் பார்ப்பது’ மட்டும் வேண்டாம். இறுகாத அக்ரிலேட் தோலில் படுவதுதான் அலர்ஜியை உண்டாக்குகிறது. இல்லாத அலர்ஜியை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

6. வளரும் ஆறு மாதங்கள்

இங்கே செய்ய வேண்டியது குறைவு. விடாமல் செய்வதுதான் கடினம். நகத்தை விரல்நுனியோடு ஒட்ட வெட்டி வையுங்கள். நுனி நீண்டால் அது எதிலாவது மாட்டிக் கழன்ற இடத்தை இன்னும் பெரிதாக்கும். கழன்ற நகத்துக்கு அடியில் குச்சியோ ஊசியோ விட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். அழுக்கை எடுக்கிறோம் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் ஒட்டியிருக்கும் கொஞ்சத்தையும் கழற்றுகிறோம்.

தண்ணீரில் ஊறுவதும் உலர்வதும் மாறிமாறி நடந்தால் நகம் பிளவுபடும். பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் பருத்தி உள்ளுறையும் அதன்மேல் ரப்பர் கையுறையும் அணியுங்கள். கை கழுவிய ஒவ்வொரு முறையும், இரவு படுக்கும் முன்பும், நகத்திலும் நகக்கண்களிலும் பெட்ரோலியம் ஜெல்லியோ யூரியா கலந்த களிம்போ தடவுங்கள். கழன்ற நகத்தின் அடியில் மட்டும் எதையும் திணிக்க வேண்டாம். அந்த இடம் உலர்ந்திருக்க வேண்டும்.

முதல் மாதத்தில் மாற்றமே தெரியாது. இரண்டாம் மாதம் முடியும்போது, பின்பக்கத்தில் வழவழப்பான புது நகமும் அதன் முன்னால் சொரசொரப்பான பழைய நகமும் சந்திக்கும் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு முன்னே நகர்வதைத்தான் படங்களில் அளந்து பார்க்க வேண்டும். மூன்று மாதமாகியும் கோடு நகரவில்லை என்றாலோ, புது நகமும் கோணலாக, பள்ளம் விழுந்து வந்தாலோ, மறுபடி மருத்துவரிடம் போங்கள்.

7. எதில் செலவழிப்பது, எதில் கூடாது

தோல் மருத்துவரின் ஆலோசனை, நகத் துணுக்குச் சோதனை, தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட் ஆகிய மூன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். இவற்றில் பேட்ச் டெஸ்டே விலை கூடியது. மருத்துவக் காப்பீடு இருந்தால், சோதனைக்கு முன்பே அதற்குப் பணம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் பில்களையும் சேர்த்து வையுங்கள். மீதித் தேவைக்குப் பெட்ரோலியம் ஜெல்லியும் கையுறையும் போதும்.

நகத்தைக் கெட்டிப்படுத்தும் பூச்சுகளை வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள ஃபார்மால்டிஹைடு வகைப் பொருள்கள் நகத்தை முறியவைப்பதோடு புது அலர்ஜியையும் தரலாம். பயோட்டின் மாத்திரை இத்தகைய சேதத்தைச் சரிசெய்யும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. அதைவிட, அது தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் இரத்தச் சோதனையையும் தவறாகக் காட்டவைக்கக் கூடும். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லியாக வேண்டும்.

8. மறுபடி வைத்துக்கொள்ள விரும்பினால்

அக்ரிலேட் அலர்ஜி உறுதியானவர்களுக்கு இந்தப் படி இல்லை. ‘ஹெமா இல்லாதது’ என்று எழுதிய பொருளிலும் அதன் உறவுப் பொருள்கள் இருக்கக் கூடும். நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் பணியில் இருப்பவர்களும் செயற்கை நகம் அணியக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டுதலில் உள்ளது.

மற்றவர்கள் பழைய நகம் முழுதும் வெட்டுப்பட்டுப் போகும்வரை காத்திருங்கள். பிறகும் நீளம் குறைவாகவும், தொடர்ச்சியாக அல்லாமல் இடைவெளி விட்டும் வையுங்கள். வீட்டில் போடும் ஜெல் தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. ஜெல்லை இறுகவைக்க உதவிய டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஒப்பனைப் பொருள்களில் தடையே செய்துவிட்டது. ஜெல்லுக்கு ஏற்ற விளக்கும் நேரமும் அமையாவிட்டால், மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் இறுகாமல் நிற்கும். தோலில் ஜெல் பட்டால் விளக்கில் காட்டுவதற்கு முன் துடைத்துவிட வேண்டும். சாதாரண மெல்லிய கையுறைகளைச் சில நிமிடங்களிலேயே அக்ரிலேட் ஊடுருவிவிடும் என்பதால், கையுறை போட்டிருக்கிறோம் என்று நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. விளக்கின் புற ஊதாக் கதிருக்காக, விரல்நுனி திறந்த துணிக் கையுறையோ வெயில் தடுப்புக் களிம்போ பயன்படுத்துங்கள்.

இருக்கையில் உட்காரும்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இயற்கை நகத்தின்மேல் மின் அரம் ஓட்டுவீர்களா, அகற்றும்போது ஊறவைத்துத்தான் எடுப்பீர்களா? முதல் கேள்விக்கு ஆம் என்றோ இரண்டாம் கேள்விக்கு இல்லை என்றோ பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அகற்றும் நாளையும் அப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள். ஓரம் தூக்கத் தொடங்கிய நகத்தோடு ஒரு வாரம் வீட்டில் இருந்தால், கை தானாக அதை நெம்பப் போய்விடும்.